மீன் போக வழியில்லாத வேலி

மீன் குளங்களில் நீர்ச்செடி நடுகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தச் செடியை எவ்வளவு ஆழத்தில் நடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரு மழைக்காலம் சேற்றில் நின்றால் அதை உங்கள் காலே உங்களுக்குச் சொல்லிவிடும். வேலையிலிருந்து ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு கைக்கு வேலை குறைந்து வாய்க்கு வேலை கூடிவிட்டது. அதனால் வேறு ஒன்றைச் சொல்கிறேன். செடியை நடுவது பாதி வேலைதான். அந்தச் செடியைச் சுற்றி மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று யோசிப்பது மீதிப் பாதி. முதல் பாதியில் தவறினால் மறுபடி நட்டுக்கொள்ளலாம். இரண்டாவதில் தவறினால் குளமே கையை விட்டுப் போய்விடும்.

சின்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் பெரியதற்கு வருகிறேன். சிங்கப்பூருக்கு அக்கரையில், கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலம்பாசி நட்டேன். தண்ணீருக்கு அடியிலேயே வளரும் செடி. குஞ்சு மீன் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. வேர் பிடித்து, பச்சைப் பசேலென்று தழைத்து, கரையில் நின்று பார்த்தாலே கண் குளிர்ந்தது. அந்தத் தோட்டத்துக் கிராணிக்கு என்னைவிட மகிழ்ச்சி. கணக்கு எழுதுகிற மனிதர், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து சீனத்துக் கெண்டைக் குஞ்சுகளைத் தகர டின்னில் தருவித்து, எனக்குத் தெரியாமல் குளத்தில் விட்டுவிட்டார். அவர் வாங்கியது புல் தின்னும் கெண்டை. சில மாதம் கழித்து நான் போனபோது குளத்தில் மருந்துக்குக்கூட ஓர் இலை கிடையாது. மீன்கள் மட்டும் கொழுகொழுவென்று நின்றன.

“என்ன கிராணியாரே, செடி எங்கே?” என்றேன்.

“அலமாக்! அதைத்தான் நானும் உங்கள கேக்கலாம்னு இருந்தேன். நீங்க நட்டது நல்ல செடிதானா?” என்று என் தலையிலேயே போட்டார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். செடியை இறக்குவதற்கு முன், இந்தத் தண்ணீருக்குள் இனி யார் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். நட்ட பிறகும் போகும்போதெல்லாம் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். சும்மா இருக்கிற கிராணி எந்தத் தோட்டத்திலும் கிடையாது.

இனி கோத்தா திங்கிக்கு வருவோம். ஆற்றிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். முதலாளி செட்டிநாட்டுக்காரர், சிங்கப்பூரில் இருந்தார். தோட்டத்தை நடத்தியவர் ஒரு மானேஜர். ரப்பர் விலை விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்த காலம். பால் வெட்டுக்கு இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே மிஞ்சியவர்களுக்கு அரிசி எப்படியோ கிடைத்தது. அதோடு வைத்துச் சாப்பிடத்தான் ஒன்றுமில்லை. செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதை மீன் குளமாக்கிக் கொடுத்தால் வாரம் ஒரு நாள் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கெல்லாம் மீன் பிரித்துக் கொடுக்கலாம் என்று மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

அந்தப் பள்ளத்துத் தண்ணீர் புளித்துப்போய்க் கிடந்தது. முதலில் நட்டதெல்லாம் மஞ்சளாகி மடிந்தது. சுண்ணாம்பு போட்டு, சாணம் போட்டு, ஓடைச் சேற்றைக் கோணிப்பையில் கட்டி, அதில் செடியை வேர்விட வைத்து, பையோடு இறக்கிய பிறகுதான் வேலம்பாசி நடுக்குளத்தில் நிலைத்தது. அந்தப் பாடுகளை இங்கே நீட்டவில்லை. மீனுக்குச் சேப்பாட் விட்டேன். ஆற்றோரக் கிராமத்து மலாய்க்காரர்கள் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். சேப்பாட் உள்ளங்கை அகலத் தட்டை மீன். தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு பிழைத்துவிடும். கொசுப்புழு என்றால் அதற்கு அல்வா.

கரையோரம், தண்ணீரில் கொடியாக ஓடும் கங்கோங் கீரை வைத்தவர்கள் லயத்துப் பெண்கள். நான் தடுக்கவில்லை. கரையில் கொஞ்சம் நிழல் விழுந்தால் மீனுக்கு நல்லது. கீரை கிடைத்தால் வயிற்றுக்கு நல்லது. “கொத்துக் கொத்தா வைங்கம்மா, நடுவுல சந்து விடுங்க, மீன் உள்ள வந்து போவணும்” என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். வாரக்கடைசியில் மீன், மற்ற நாளில் கீரை என்று சட்டிகளுக்கு ஒரு வழி பிறந்தது.

இப்போது அந்தத் தோட்டத்து மனிதர்களைச் சொல்ல வேண்டும். அங்கே மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு குடியிருப்பு வரிசைகள். மேடு பள்ளத்தால் வந்த பெயர் என்று மானேஜர் நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாருக்கும் தெரியும், அது ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு கப்பலில் வந்த மேல் கீழ் என்று. காட்டில் ஒன்றாகப் பால் வெட்டுவார்கள், ஒரே கொட்டகையில் ஊற்றுவார்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் தனித்தனி.

கீழ் லயத்துக்காரர்கள் கை வைக்கிற கீரையும் நம் கீரையும் கொடி பின்னி ஒன்றாகிவிட்டதே என்று மேல் லயத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. முதலில் குரலை உயர்த்தியவள் சிவகாமி. புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். வள்ளி என்ற ஒரே மகளை வைத்துக்கொண்டு, பால் வெட்டி, எவருக்கும் தலை குனியாமல் வாழ்ந்தவள். அவள் வாய்க்கு ஈடுகொடுக்க அந்தத் தோட்டத்தில் ஒரே ஆள்தான் உண்டு: கீழ் லயத்து அஞ்சலை. அஞ்சலைக்கு வீடு நிறையப் பிள்ளைகள். வாய் அதைவிட நிறைய.

இரண்டு பேரும் கரையில் நின்று பேசின பேச்சை நான் எழுத முடியாது. முடிவில் மேல் லயத்துக் கங்காணி தலையிட்டார். நான் வேறு தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கரையிலிருந்து ஆழம் வரைக்கும் மூங்கில் தட்டியை நெருக்கமாகப் பின்னி, தண்ணீருக்குள் வேலி இறக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் மேல் லயத்துக் கீரை, அந்தப் பக்கம் கீழ் லயத்துக் கீரை. வேலி என்று ஒன்று வந்துவிட்டால் ஒன்றோடு நிற்குமா? மேல் லயத்திலேயே இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் சண்டை. அதற்கு ஒரு வேலி. கீழ் லயம் மட்டும் குறைந்தவர்களா? அங்கேயும் வேலி. ஆழத்துப் பக்கத்தையும் அடைத்துவிட்டார்கள், கொடி ஓடிப்போய்விடக் கூடாதாம். நான் திரும்பி வந்து பார்த்தபோது குளத்தோரம் முழுக்கக் கோழிக் கூண்டு மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது.

“மீன் எப்படிங்க உள்ள போவும்?” என்று கங்காணியிடம் கேட்டேன்.

“மீனுக்கு நடுக்குளம் பத்தாதா? நீங்க செடியைப் பாருங்க. எங்க வேலிய நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

மானேஜரிடம் சொன்னேன். அவருக்கு ரப்பர் விலைக் கவலை. “சண்டை இல்லாம இருக்காங்கல்ல, விடுங்க” என்றார். மீன் குறையவில்லை, கீரையும் வந்தது. அதோடு விட்டேன்.

மழை ஓய்ந்து வெயில் எடுத்ததும் காய்ச்சல் வந்தது. நடுக்கிக்கொண்டு வருகிற அந்தக் காய்ச்சலைத் தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. முதலில் மேல் லயத்தில் இரண்டு வீடு, பிறகு கீழ் லயத்தில். பிறகு யார் வீட்டில் இல்லை என்று கேட்கிற நிலைமை ஆகிவிட்டது. சிவகாமியின் மகள் வள்ளிதான் மோசமாகப் படுத்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள்.

ஆஸ்பத்திரி என்றால் ஒரு டிரஸ்ஸர்தான். மருந்து கொடுப்பவரும் அவர், ஊசி போடுபவரும் அவர், காய்ச்சல் கூடினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். கறாரான மனிதர், ஆனால் நியாயமானவர். ஒரு காலை, வெட்டு முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம், வெள்ளை எனாமல் குவளையோடு குளத்துக்கு வந்தார். கரையோரக் கட்டம் ஒன்றில் குவளையை அமிழ்த்தி, தூக்கி, என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

குவளை நிறையப் புழு. தண்ணீர் மேல் படுக்கையாகக் கிடந்து, விரலை நீட்டினால் வெட்டி வெட்டி நகர்ந்தது. காய்ச்சல் கொசுவின் புழு அப்படித்தான் படுக்கும் என்று எனக்கும் தெரியும்.

“எண்ணெய்ப் பீப்பாய் வந்தாச்சு. நாளைக்குக் காலையில குளம் பூரா அடிக்கப் போறேன்” என்றார். “உங்க செடிங்க பண்ற வேலைதான் இது. கோவிச்சுக்காதீங்க.”

தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும். மேலே வந்து காற்றைக் குடிக்கிற சேப்பாட்டும் அதே எண்ணெயைத்தான் விழுங்கும். கங்கோங் எண்ணெய் ஊறி, மாடுகூட முகராது. ஒரு காலைப்பொழுதில் குளமும் போய்விடும், இரண்டு லயத்துச் சட்டியும் காலி. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த சிவகாமி, தலை விரிந்தது தெரியாமல் ஓடி வந்தாள்.

“ஊத்துங்க டிரஸ்ஸரய்யா! நாளைக்கு என்ன, இப்பவே ஊத்துங்க. மீனும் வேணாம், கீரையும் வேணாம். இந்தக் காய்ச்சலுக்கு ஒரு ஆளக் குடுத்தது போதும். எம்புள்ள எந்திரிச்சு உக்காந்தா அது போதும்!”

“உன் புள்ளைக்கு மட்டுமா காய்ச்சல்?” என்று அஞ்சலை முன்னால் வந்தாள். “என் வீட்டுலயும் ஒண்ணு சுருண்டு கெடக்குது. காய்ச்சல் விட்ட பொறவு அதுக்கு எதக் குடுக்கிறது? வெறுஞ்சோத்தயா? எண்ணெய ஊத்திட்டு அவரு போயிடுவாரு, நாங்க எதத் திங்கிறது?”

“அடிப் பாவி, சோறா உசுரா?”

“சோறு இல்லாம எங்கடி உசுரு?”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். ஒரு பக்கம் நீங்கள் பாடுபட்டு நிலைக்க வைத்த தண்ணீர், இன்னொரு பக்கம் ஒரு குழந்தை. எண்ணெய் வேண்டாம் என்று நான் வாதாடி ஜெயித்து, நாளைக்கு இன்னொரு பிள்ளை படுத்தால்? சிவகாமி முகத்தைப் பார்க்கத் தைரியம் வருமா? பேசாமல் “ஊற்றுங்கள்” என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எவனும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டான்.

வழி காட்டியவர் டிரஸ்ஸர்தான். அவர் குளத்தின் நடுவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அங்கயும் செடிதானே இருக்கு?” என்றார்.

“ஆமா, வேலம்பாசி. கரையில இருக்கிறதவிட அடர்த்தி.”

“அங்க ஒரு தடவ மொண்டு பாத்துரலாம். பாக்காம எழுதினா நாளைக்குப் பெரிய டாக்டர் என்னயத்தான் கேப்பாருலா.”

வாழைத்தண்டுத் தெப்பம் ஒன்று கரையில் கிடந்தது. நான் தள்ள, அவர் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். செடி நெருக்கத்தில் குவளையை விட்டார். ஒன்றுமில்லை. இன்னோர் இடம். ஒன்றுமில்லை. எதிர்க்கரைக்குப் போனோம். அது காட்டோரம், அட்டைக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் பங்கு கேட்கவில்லை. ஆனால் கங்கோங் தானாகவே அங்கேயும் ஓடியிருந்தது. அங்கேயும் மொண்டார். ஒரே கீரை, ஒரே தண்ணீர், புழு மட்டும் இல்லை. கொடிக்கு அடியில் சேப்பாட் குஞ்சுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. திரும்பி வந்து வேலிக் கட்டத்துக்குள் மொண்டார். குவளை நிறையப் புழு.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கரையில் நின்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் தெப்பத்தில் நின்றபடியே கங்காணியிடம் சொன்னேன்:

“தண்ணி உங்க வேலிக்குள்ள பூந்து போவுது. கொசு வேலிக்கு மேல பறந்து போவுது. மீன் ஒண்ணத்தான் நீங்க நிறுத்தி வச்சிருக்கீங்க. கொசுவத் திங்கிற ஒரே ஆள வெளிய நிக்க வச்சிட்டு, உள்ள கொசுவுக்குப் பாய் விரிச்சுக் குடுத்திருக்கீங்க.”

“வேலிய எடுத்துட்டா?” என்றார் கங்காணி. “யாரு கீரைய யாரு பறிக்கிறதுன்னு ஒரு மொறை வேணாமா? எண்ணெய ஊத்திட்டுப் போவட்டும். கீரை போனா போவுது, மொறை இருக்கட்டும்.”

அவர் பின்னால் நின்ற ஆட்கள் சிலர் ஆமாம் போட்டார்கள். இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், மனிதர்கள் தங்கள் நன்மையைக் கண்ணால் பார்த்தால் போதும், ஒத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குவளையைக் கண் முன்னால் காட்டிய பிறகும் அவர் அசையவில்லை.

சிவகாமி டிரஸ்ஸரிடம் நேராகக் கேட்டாள். “ஐயா, எனக்கு மொறையும் வேணாம் மண்ணும் வேணாம். எண்ணெய ஊத்தினா நல்லதா, வேலிய எடுத்தா நல்லதா? எம்புள்ளைக்கு எது நல்லது? அத மட்டும் சொல்லுங்க.”

“உன் புள்ளைக்கு ஏற்கனவே காய்ச்சல் வந்துருச்சும்மா. அதுக்கு நான் குடுக்கிற கசப்பு மருந்துதான். அடுத்து வராம இருக்கிறதுக்குத்தான் இதெல்லாம்” என்றார் டிரஸ்ஸர். சும்மா ஆறுதல் சொல்கிற மனிதர் இல்லை அவர். “ரெண்டுலயும் புழு சாவும். எண்ணெய் ஒரு வாரம் நிக்கும், அப்பறம் மறுபடி ஊத்தணும். பீப்பாய் தீந்துட்டா அடுத்தது எப்ப வருமோ. மீனு தெனமும் திங்கும்.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.

“ஏய் சிவகாமி! அங்க எங்க போற?” என்று கங்காணி கத்தினார்.

“எம் புருசன் செத்தப்ப உங்க மொறை வந்து கொள்ளி வச்சுதா?” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். நடு வேலி மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். களிமண்ணில் இறங்கிய மூங்கில் அசைந்து கொடுக்கவில்லை. ஆட்டினாள், இழுத்தாள், வழுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி பிடித்தாள். கரையில் ஒருவரும் நகரவில்லை. பிறகு தண்ணீர் சலசலத்தது. கீழ் லயத்துப் பக்கமிருந்து அஞ்சலை இறங்கி வந்து, அதே மூங்கிலை அந்தப் பக்கம் பிடித்தாள். ஒருத்தி தள்ள, ஒருத்தி இழுக்க, மூங்கில் சேற்றைக் கக்கிக்கொண்டு மேலே வந்தது. தெப்பத்திலிருந்து நானும் குதித்தேன். அதன் பிறகு ஆட்கள் இறங்கினார்கள். முதலில் கீழ் லயம், அப்புறம் மேல் லயத்துப் பெண்கள். கங்காணி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்” என்றார் டிரஸ்ஸர். “அப்பவும் புழு இருந்துச்சுன்னா எண்ணெய்தான். அதுவரைக்கும் காட்டோர ஓடைக்கும் லயத்துச் சாக்கடைக் கானுக்கும் எண்ணெய அடிக்கிறேன்.”

வேலி போன பிறகும் வேலை இருந்தது. கூண்டுக்குள் வளர்ந்த கங்கோங், பாய் பின்னின மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. அதை வெட்டிக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, சந்து விட்டோம். அடியில் அழுகிக் கிடந்த கழிவை வாரினோம். அன்று சாயங்காலமே சேப்பாட் கரையோரம் வந்துவிட்டது. ‘ப்ளப், ப்ளப்’ என்று மேலே வாய் வைக்கும் சத்தம் கேட்டு, பெண்கள் குழந்தைகளைத் தூக்கிவந்து காட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிரஸ்ஸர் கரை முழுக்க நடந்து நடந்து மொண்டு பார்த்தார். குவளையை ஒவ்வொரு முறையும் வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொட்டினார். கடைசியில் ஆளைக் கூப்பிட்டு, எண்ணெய்ப் பீப்பாயை ஸ்டோருக்கு உருட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவர் அப்படித்தான் பாராட்டுவார்.

வள்ளி பிழைத்தாள். எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்து, முதலில் கேட்டது மீன் குழம்பு. அவளைப் பிழைக்க வைத்தது கசப்பு மருந்தும் டிரஸ்ஸரின் பிடிவாதமும்தான். குளம் அவளைக் காப்பாற்றியது என்று நான் இன்றுவரை சொன்னது இல்லை. காய்ச்சல் குளத்திலிருந்துதான் வந்தது என்றும் சத்தியம் பண்ண மாட்டேன். ஓடையில் இருந்திருக்கலாம், கானில் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். குவளையில் பார்த்ததை மட்டும் பேசுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். காய்ச்சல் அடங்கி, லயத்தில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் கங்காணி என்னைத் தேடி வந்தார்.

“வேலி வேணாம்னு டிரஸ்ஸர் சொல்லிட்டாரு, சரி. அவர் பேச்ச மீறல. ஆனா ஒரு எல்லை வேணுமா வேணாமா? மீன் போற மாதிரி, வர்ற மாதிரி, ஏதாவது செடியா வச்சு ஒரு கோடு போட்டுக் குடுங்க. நீங்கதான் செடி ஆளாச்சே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்படியே குளத்துக்குள் தள்ளியிருப்பேன். பிள்ளைகள் படுக்கையிலிருந்து எழுந்து இன்னும் சரியாக நடக்கவில்லை, அதற்குள் எல்லையாம். ஆனால் ஆத்திரத்தில் செடி நடக் கூடாது. முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? நான் அந்தக் குளத்தோரமே குடியிருக்கவில்லை. அடுத்த தோட்டத்துக்கு நான் கிளம்பிய மறுநாளே மூங்கில் மறுபடி முளைக்கும். இந்த முறை டிரஸ்ஸர் கண்ணில் படாமல், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கட்டுவார்கள். வேலி கட்ட நினைக்கிறவனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

கோடு போட்டு நிற்கிற செடி என்றால் சம்பு. சொன்ன இடத்தில் நிற்கும், நிமிர்ந்து நிற்கும். ஆனால் போகப் போக வேர் பின்னிச் சுவராகிவிடும். அப்புறம் மூங்கிலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கோரையும் அப்படித்தான். நான் தாமரையைச் சொன்னேன். இலை தண்ணீருக்கு மேலே குடை பிடிக்கும். அடியில் வெறும் தண்டுதான், மீன் தாராளமாகப் போகும் வரும்.

கங்காணிக்கு வாயெல்லாம் பல். “தாமரையா! பேஷ். அம்மன் கோயிலுக்குப் பூவும் ஆச்சு. கோயில் பூன்னு சொல்லிட்டா ஒருத்தனும் அதத் தாண்டிக் கை வைக்க மாட்டான்.”

மாசாய்ப் பக்கம் தாமரைக் கிழங்கு பயிரிடுகிற சீனர் ஒருவரிடமிருந்து கிழங்கு வாங்கி வந்தேன். தாமரைக் கிழங்கை ஊன்றி நடக் கூடாது. படுக்க வைத்து, கனத்துக்கு ஒரு கல் வைத்து, முளை நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விட வேண்டும். முளை ஒடிந்தால் கிழங்கு அழுகிவிடும். முளைகளை எந்தத் திசை பார்த்து வைக்கிறோமோ அந்தத் திசையில்தான் முதலில் ஓடும். நடு வேலி இருந்த கோட்டிலேயே, கங்காணி மேற்பார்வையில், நேர்கோடாக வைத்தேன். முளைகளைக் கோட்டின் போக்கில் வைக்கவில்லை. ஒன்றை இந்தப் பக்கம் பார்த்து, அடுத்ததை அந்தப் பக்கம் பார்த்து வைத்துக்கொண்டே போனேன். சேற்றுக்குள் இருப்பது கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வருடம் இலைகள் ஒழுங்காகக் கோட்டிலேயே நின்றன. கங்காணி வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். அடுத்த மழைக்குக் கிழங்கு சேற்றுக்குள் நடக்க ஆரம்பித்தது. மேல் லயத்துப் பக்கம் ஓர் இலை, கீழ் லயத்துப் பக்கம் நான்கு இலை. அதற்கடுத்த மழையில் கோடு எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது. கரையோரம் முழுக்கத் தாமரையும் கங்கோங்கும் கலந்து கிடந்தன. குளத்தை மூடிவிடாமல் நான் வருஷா வருஷம் கழித்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கழித்தேன்.

“என்னய்யா இது, கோடு எங்க?” என்று கங்காணி வந்து நின்றார்.

“ஓடிப்போச்சுங்க.”

“புடுங்கிச் சரிபண்ணு!”

“பண்ணலாம். அம்மனுக்குப் போற பூ. நீங்க மொதல்ல ஒண்ணப் புடுங்கிப் போடுங்க, பின்னாலயே நான் வர்றேன்.”

பூத்துக் குலுங்குகிற குளத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே கிடையாது.

இதனால் மேல் கீழ் ஒழிந்துவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். கல்யாணம் காரியமெல்லாம் பழையபடிதான். குழாய்கூடத் தனித்தனியாகத்தான் இருந்தது. என்னால் முடிந்தது ஒரு குளத்தோரம். ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கும்போது அது மீனுக்கு என்ன செய்யும் என்று மட்டும் பார்க்காமல், அது எங்கெல்லாம் போகும் என்றும் பாருங்கள். சொன்ன இடத்தில் நிற்கிற செடியைத்தான் எல்லாரும் கேட்பார்கள். கேட்டதையே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

அந்தத் தோட்டத்து வேலை முடிந்து நான் கிளம்பிய அன்று, கடைசியாக ஒரு முறை குளத்தைச் சுற்றினேன். சிவகாமியும் அஞ்சலையும் முழங்கால் தண்ணீரில் நின்று கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது. விலகி நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. சிவகாமி என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

“ஏண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்தத் தாமரை நட்ட எடத்துல நிக்காதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?”

“தெரியாம இந்த வேலைக்கு வருவேனாம்மா?”

“அட பாவி மனுசா!” என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அஞ்சலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் அவளும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அந்த நேரம் வள்ளி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்ணா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். இலைகளுக்கு நடுவில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்று கேட்டாள்:

“அம்மா, நம்ம பக்கம் எது?”

சிவகாமி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

“கீரை எங்க தளதளன்னு இருக்கோ, அங்க போய்ப் பறி” என்றாள்.

அஞ்சலை தன் கூடையை நகர்த்திக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டாள்.